சோத்தாங்கைப் பக்கத்துப் பல்

எனக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எங்கள் வேலாங்கரையில் பல் இல்லாதவன் பேச்சுக்குத் தனிச் சலுகை இருந்த ஒரு காலம் உண்டு, அந்தச் சலுகையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

பஜார் தெருவில் பல் டாக்டர் தளவாய், தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில், கடல்தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். தூத்துக்குடியிலிருந்து மச்சாது என்கிற தொட்டிக்காரர் வந்து, உயிருள்ள பவளங்களை ஒவ்வொன்றாகக் கல்லில் ஒட்டி உள்ளே இறக்கி, மேலே நீலவிளக்கைத் தொங்கவிட்டு, பக்கத்துச் சுவரில் சிவப்பு எண்கள் எரியும் சின்ன மீட்டர் ஒன்றையும் மாட்டினார். "இது பி.எச். காட்டுற மீட்டரு சார். எட்டு புள்ளி ரெண்டுல நின்னா ராஜா மாதிரி இருக்கும். எட்டுக்குக் கீழ போச்சுன்னா தண்ணி புளிக்குதுன்னு அர்த்தம். இன்னும் இறங்குச்சுன்னா பவளம் வளராது, அதுக்கும் கீழன்னா அதோட எலும்பு கரைய ஆரம்பிச்சிரும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். தொட்டி வந்த பிறகு பல் வலி இல்லாதவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தார்கள், ஏ.சி. குளிரும், வால் ஆட்டும் மஞ்சள் மீனும், காற்றில்லாமலே அசையும் பவளமும் வேலாங்கரையில் வேறெங்கே கிடைக்கும்.

ஒரு சித்திரை மாதக் காலையில் அந்த மீட்டர் எட்டுக்குக் கீழே இறங்கியது, அப்போது ஊரில் இருந்த எல்லாருடைய பல்லும் கூசியது.

புளியங்காயைக் கடித்தால் கூசுமே, அப்படி. துறையில் மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர், நேற்றைய சீலா மீனைக் கையில் தூக்கி, "இப்பதான் வலையிலருந்து எடுத்தது" என்று தொடங்கியவர், பாதியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைக் குனிந்து, "நேத்து மத்தியானத்து மீனுதான்" என்றார், கூச்சம் நின்றுவிட்டது. இட்லிக்கடையில் சட்னி நேற்று அரைத்ததா என்று ஒருவர் கேட்க, கடைக்காரர் இல்லை என்று சொல்லப்போய், வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். பஞ்சாயத்து ஆபீசில், பள்ளிக்கூட வாசலில், கோயில் நடையில், பொய்யை நாக்கு நுனிவரை கொண்டுவந்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் துணிந்து புளுகினால், கூசாமல் சொல்லுகிறான் பார் என்போம். அந்த வார்த்தை அன்றிலிருந்து ஊரில் செல்லாமல் போனது, கூசாமல் சொல்ல யாராலும் முடியவில்லை.

இதற்கெல்லாம் காரணம் தொட்டிதான் என்று கண்டுபிடித்தது ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண். மீட்டர் இறங்கினால் ஊர் கூசுகிறது, ஏறினால் தெளிகிறது என்று அவள் சொன்னதை ஊர் மறுவார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரிந்து வைத்திருக்கிற மாதிரி இதையும் தெரிந்து வைத்துக்கொண்டது. இரவெல்லாம் தொட்டியில் வெளிச்சம் இருக்காது, அதனால் காலையில் தண்ணீர் நல்ல புளிப்பில் இருக்கும்; விளக்குப் போட்டு, பாசியும் பவளமும் வெளிச்சத்தைக் குடிக்கக் குடிக்க, சாயங்காலத்துக்குள் மீட்டர் எட்டைத் தாண்டிவிடும். ஆகவே வேலாங்கரையில் காலைநேரம் உண்மைக்கு, சாயங்காலம் மற்றதுக்கு என்று ஆயிற்று. பெண் பார்க்கப் போகிறவர்கள் நான்கு மணிக்குமேல் போனார்கள். பத்திரப் பதிவுக்குச் சாயங்காலம்தான் கூட்டம். புருஷனிடம் ஒரு விஷயத்தைக் கறந்துவிட நினைத்த பெண்கள் அவன் பல் துலக்கி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பஜாரில் இரண்டு பேர் சந்தித்தால் சௌக்கியம் கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு நம்பர் என்ன?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. நம்பர் பார்க்க ஊரே அந்த அடைத்த அறைக்குள் நுழைந்து நுழைந்து வெளியேறியதில், அத்தனை பேர் விட்ட மூச்சும் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்கியது. இறங்கிய மூச்சு புளிப்பாகியது. புளிப்பு ஏற ஏற ஜனங்கள் இன்னும் பதறி இன்னும் அடிக்கடி வந்து பார்த்தார்கள். ஆடி பிறந்தபோது சாயங்காலத்திலும் நம்பர் எட்டைத் தொடவில்லை. நாள் முழுக்கக் காலையாகவே இருந்தது.

பொய்யில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவனிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் கை கழுவுகிற சாக்கில் நழுவினான். நல்லா இருக்கீங்களா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே. எதிரெதிரே வந்தவர்கள் ஆளுக்கொரு ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். தெருவே தப்புச் செய்துவிட்டு வீடு திரும்புகிற மாதிரி இருந்தது. பல் இல்லாத நாங்கள் நான்கைந்து பேர்தான் தலை நிமிர்ந்து நடந்தோம். எங்களைத்தான் பெண் வீட்டுக்கு முன்னால் அனுப்பினார்கள், எங்களைத்தான் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்; "ஒண்ணுமில்ல, சரியாயிரும்" என்று சொல்ல வேறு வாய் ஊரில் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவர்கள் இருக்கிறார்கள்.

டாக்டர் தளவாய்க்கு மட்டும் வேறு மாதிரி. ஊருக்கு எல்லாப் பல்லும் கூச, அவருக்கு மேல்வரிசையில் வலது கோரைப்பல் ஒன்று மட்டும் கூசியது. ஆனால் அது பொய் சொன்னாலும் கூசியது, சும்மா இருந்தாலும் கூசியது, தூங்கும்போதும் கூசியது. தன் வாயைத் தானே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பல் முத்து மாதிரி இருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பெண்கள் வெற்றிலைச் செல்லத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் தங்கவிட்டு, மேலே நின்ற தெளிவை மட்டும் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றுகிற பாட்டிலில் ஊற்றி, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் இறக்கினார். மீட்டர் கொஞ்சம் ஏறும், கூட்டம் வந்து மூச்சு விட்டதும் இறங்கிவிடும். "பெருமூச்சு விடக்கூடாது" என்று அறையில் பலகை எழுதி வைத்தார். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்ப உட்கார்ந்திருந்து பார்த்தார்கள், அதிலும் பலனில்லை. பவளங்கள் வெளுத்து, ஓரங்களில் தேய ஆரம்பித்தன.

மச்சாது வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்சுவரில், மரப்பலகை அடித்துப் பெயிண்ட் பூசி மூடியிருந்த ஜன்னலைத் தட்டினார்.

"சார், இது ஜன்னல்லா?"

"ஆமா."

"இதத் திறங்க, எல்லாம் சரியாயிரும். வெளிக்காத்து வந்தா தண்ணி தானா ஏறும்."

"தூசி வரும்" என்றார் டாக்டர், சொல்லிவிட்டு வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா வடிவின் வீட்டுப் புறவாசல். வடிவக்கா வடித்துப் போட்ட சோற்றில்தான் தளவாய் டாக்டருக்குப் படித்தார். அவள் இடக்கைக்காரி. சின்ன வயதில் எத்தனை அடி வாங்கியும் இடதுகையால்தான் சாப்பிடுவாள். சோறு தின்கிற சோத்தாங்கை ஊருக்கு வலதுகை, அவளுக்கு அந்த இடதுகைதான், அந்த வீட்டில் எல்லாரும் அவளைக் கேலி செய்து கேலி செய்து பழகிய விஷயம் அது. இன்னொன்றும் அவளிடம் உண்டு: வலதுபக்கம் ஒரு தெத்துப்பல், அவள் சிரித்தால் அது உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பஜாரின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பாள், அந்தப் பல்லைப் பார்ப்பதற்காகவே வேடிக்கை பேச வருகிற ஆட்கள் இருந்தார்கள். அதில் நானும் ஒருவன், அப்போது எனக்கும் பல் இருந்தது.

தளவாய் ஆஸ்பத்திரி திறந்த புதிதில் ஒருநாள் அவளுக்குப் பல் வலி. கரண்ட் இல்லை. வெளியே பெரிய மனிதர் ஒருவர் காரில் காத்திருந்தார், அவரைக் காக்கவைக்கக்கூடாது என்கிற பதற்றம் டாக்டருக்கு. "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டார், "சோத்தாங்கைப் பக்கம்ல" என்றாள் வடிவக்கா, கொறடை எடுத்து வலதுபக்கத்துத் தெத்துப்பல்லைப் பிடுங்கிவிட்டார். கையில் எடுத்துப் பார்த்தபோது பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் அவருக்குத் தன் அக்கா எந்தக் கையால் சாப்பிடுவாள் என்பது ஞாபகம் வந்தது. "சொத்தைக்கா, உள்ளுக்குள்ள" என்றார், கூசாமல். மறுவாரம் வலி தாங்காமல் வந்தவளிடம், "அந்தப் பக்கமும் பரவியிருக்கு" என்று சொல்லி, நிஜமாகவே சொத்தையாயிருந்த இடதுபக்கத்துப் பல்லையும் எடுத்தார். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் போனாள். அதிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நாளில் சத்தமும் குறைந்தது. பொய்ப்பல் கட்டித் தருகிறேன் என்று தம்பி எத்தனையோ தடவை சொன்னார், "எதுக்குல, யாரு பாக்கப் போறா" என்றுவிட்டாள். அப்போது அந்த அறையில்தான் அவர் பல் பார்த்தார்; நோயாளியின் வாயைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போதெல்லாம், ஜன்னலுக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டு வாயைப் பொத்துகிற அக்காவைப் பார்க்க முடியாமல்தான் அவர் பலகை அடித்து மூடினார். அந்தப் பல்லைத் தூர எறியவும் அவருக்குக் கை வரவில்லை. மச்சாது பவளத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த அன்று, சட்டைப்பையிலிருந்து எடுத்து, "ஒரு பவளத்த இதுல ஒட்டுங்க" என்று கொடுத்துவிட்டார். யாரோ நோயாளியின் பல், டாக்டருக்கு விளையாட்டு என்று நினைத்து அவரும் ஒட்டி இறக்கிவிட்டார்.

இப்படியிருக்க, இடத்தரகர் நயினார் ஒருநாள் முற்பகலில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறை நிறைய ஆள். மச்சாது தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று எதையோ துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எல்லாத்தையும் பிடுங்கிருங்க" என்றார் நயினார்.

"எந்தப் பல்லு?"

"முப்பத்திரெண்டும். பல்லு இருந்தா எந் தொழில் நடக்காது. கடல் பாத்த மனைன்னு சொல்ல வாயெடுத்தா, சதுப்பு நெலம்னு வருது. பெஞ்சாதி புள்ளைக்காரன் நான்."

"நல்ல பல்லப் பிடுங்கச் சொல்லுதீரா?"

"நீங்க பிடுங்காததா டாக்டர்?" என்றார் நயினார், சும்மா ஒரு பேச்சுக்கு.

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, ஏனென்று தெரியாமலே ஆளாளுக்குத் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

மச்சாது எழுந்து தூசியைத் தட்டினார். "ஜன்னலத் திறக்க வேண்டாம் சார், போகட்டும். மூலையில ஓட்டை போட்டு ஒரு டியூப்ப வெளிய விட்டிருக்கேன். நுரை எடுக்கிற இந்த மிஷினு இத்தன நாளா உள்ள கெடக்கிற காத்தத்தான் உறிஞ்சிட்டுக் கெடந்துச்சு. இனிமே வெளிக்காத்த உறிஞ்சட்டும்." சொல்லிவிட்டு மிஷினைப் போட்டார். குமிழி கொப்பளித்துக்கொண்டு வந்தது.

குமிழிகள் மேலே வந்து உடைந்தபோது, "இது என்னல கொழாயி?" என்றன.

வடிவக்காவின் குரல். புறவாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், தன் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பிடித்து வாயருகே வைத்துப் பேசுகிறாள் என்று எல்லாருக்கும் விளங்கியது. சரியாகக் கேட்கட்டும் என்று டோக்கன் கொடுக்கிற பெண் எழுந்து போய் ஏ.சி.யை அணைத்தாள், அவ்வளவுதான்.

"ஏல தளவா, அங்கதான் இருக்கியா? கேக்குதா? ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும்னு எத்தன நாளா நெனைக்கேன், நீ என்னடான்னா ஜன்னலச் சாத்திட்ட. ஊருல எல்லாவளுக்கும் இருக்கிற பல்லு கூசுது. எனக்கு இல்லாத பல்லு கூசுதுல. நீ பிடுங்கினியே, அந்தத் தெத்துப்பல்லு, அது. எடம் காலியா கெடக்கு, கூச்சம் மட்டும் வருது. ராத்திரி நாக்கு அங்கன போயிப் போயித் தேடுது. வெளிய சொன்னா கிறுக்கிம்பாளுவ, சொல்ல வெக்கமா இருக்கு. நீ படிச்சவன், நீ சொல்லு. இல்லாத பல்லு கூசுமால?"

மீட்டரில் ஏழு புள்ளி ஆறு எரிந்துகொண்டிருந்தது. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை, பெருமூச்சுப் பலகையைப் பார்த்தல்ல.

"நரம்புன்னு சொல்லிரும் டாக்டர், நரம்புன்னா யாருக்கு என்ன தெரியும்" என்று நயினார் கிசுகிசுத்தார், நல்ல மனதோடுதான். டாக்டரும் வாயைத் திறந்தார். "நர" என்பதுவரை வந்தது. அந்தக் கோரைப்பல் அடித்த அடியில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

அதுவும் தவிர அந்தக் குழாய் உள்ளே இழுக்கத்தான் இழுக்கும், வெளியே கொண்டுபோகாது. அவள் பேசினால் இங்கே கேட்கும். இங்கே என்ன சொன்னாலும் அங்கே போகாது. பதில் சொல்ல வேண்டுமானால் ஜன்னலைத்தான் திறக்க வேண்டும்.

டாக்டர் உள்ளே போய்ப் பல் பிடுங்குகிற கொறடை எடுத்துவந்து, பலகையில் அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்த ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னாலும் இதுதானா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பலகை விழுந்தது, கதவு முனகிக்கொண்டு திறந்தது. வெயிலும், மீன்குழம்பு வாசமும், கடல்காற்றும் உள்ளே வந்தன. வெளியே வடிவக்கா இடதுகையில் குழாயைப் பிடித்தபடி நின்றாள். அத்தனை தலைகளைப் பார்த்ததும் மற்றக் கையால் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"கூசும்க்கா" என்றார் டாக்டர். "அது இங்கதான் கெடக்கு."

"எது?"

"உம் பல்லு. தொட்டிக்குள்ள போட்டிருக்கேன்."

"அந்தச் சொத்தப் பல்லையா?"

"சொத்தை இல்லக்கா. நல்ல பல்லு." அவர் குரல் அறைக்குள் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "சோத்தாங்கைப் பக்கம்னு சொன்ன. நான் எங் கைய நெனச்சிட்டேன்."

வடிவக்கா தன் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். குழாயை அல்ல, கையைப் பார்த்தாள் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். பிறகு குழாயைச் சுவரோரம் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டாள். டாக்டர் ஜன்னலிலேயே நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் கூசியது, தங்கள் தங்கள் வீட்டில் யார் எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, சட்டென்று சொல்லத் தெரியாமல் திணறினார்கள்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவழியாக, வாசல்வழியாக அவள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தொட்டியண்டை போய் நின்று, வளையலை மேலே தள்ளிவிட்டு, இடதுகையை முழங்கைவரை உள்ளே விட்டாள்.

"எதுல?"

"அந்த மூலையில, பச்சையா இருக்கே, அது."

எடுத்தாள். தொட்டியில் மற்றப் பவளமெல்லாம் தேய்ந்துகொண்டிருக்க, அது மட்டும் சேவல் கொண்டை மாதிரி தழைத்திருந்தது. அடியில் வெள்ளையாகப் பல்லின் நுனி எட்டிப் பார்த்தது, முன்னாளில் உதட்டுக்கு வெளியே பார்த்த மாதிரியே. உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்ட்ட கேட்டிருக்கலாம்லா" என்றாள். "சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன, ஒன்ன அடிக்கவா போறேன்."

டாக்டர் கையிலிருந்த கொறடை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"பாத்திரத்தக் கழுவிட்டு நிமிந்தா நீ நிப்ப, ஒரு வார்த்த பேசலாம்னு இருக்கும். பலகைய அடிச்சுட்டியேன்னுதான் எனக்கு வருத்தம். பல்லுக்கில்ல."

டாக்டர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, தண்ணிக்குள்ள வைங்க, வெளிய ரொம்ப நேரம் இருந்தா செத்துரும்" என்றார் மச்சாது, மெதுவாக.

அவள் அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். குனிந்து தன் பல்லில் வளர்ந்ததை மறுபடி பார்த்தாள். "சவத்துப் பல்லு, எவ்வளவு பவுசா இருக்கு பாருல" என்றாள், சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைத் தேடிய கை நனைந்திருந்தது, அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் ஓட்டையாக, வாய் நிறைய, பஜாரின் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி சிரித்தாள். அறையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இத்தனை வருஷம் அவள் மூடியதை இப்போது அவர்கள் மூட வேண்டியிருந்தது. திறந்த ஜன்னல்வழியாகக் காற்று வந்துகொண்டேயிருந்தது, மீட்டரில் எண் ஒன்றன்பின் ஒன்றாக மாறியது, அதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊருக்குப் பல் தெளிந்தது. நயினார் பல் பிடுங்காமலே வீட்டுக்குப் போனார். மறுநாளே சதுப்பு நிலத்தைக் கடல் பார்த்த மனையாக்கினார், கூசாமல். சௌக்கியம் கேட்டவர்களுக்கு நல்ல பதில் கிடைத்தது, கல்யாண வீட்டுச் சாப்பாடெல்லாம் பிரமாதமாயிற்று. எங்களைப்போல் பல் இல்லாதவர்களைக் கூப்பிட ஆளில்லை. ஆனாலும் காலையில் பல் துலக்கும்போது வேலாங்கரைக்காரர்கள் ஒரு நிமிஷம் கையை நிறுத்தி, கூசுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். கூசவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் வருவது சந்தோஷம்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் இன்றும் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. தூசியும் வருகிறது, டாக்டர் துடைக்கிறார். வெளியூரிலிருந்து பல் வலியோடு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "எந்தக் கையால சாப்பிடுவீங்க?" என்பதுதான், எதற்கு இந்தக் கேள்வி என்று அவர்களுக்கு விளங்குவதில்லை, இடக்கைக்காரர்கள் கையை மடிக்குள் ஒளித்துக்கொள்வார்கள், அவர் பொறுமையாக அந்தக் கையைத் தொட்டு எடுத்து மேலே வைப்பார். மத்தியானத்தில் வடிவக்கா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து, "நம்பர் என்னல?" என்று கேட்பாள். "எட்டு புள்ளி ரெண்டுக்கா" என்பார். "அப்ப எல்லாருக்கும் தெளிஞ்சிருச்சு" என்று சிரித்துக்கொண்டு போவாள்.

எல்லாருக்கும் என்பது சரியில்லை. டாக்டருடைய வலது கோரைப்பல் இன்னும் கூசிக்கொண்டுதான் இருக்கிறது. பழக்கத்தில் நான்தான் ஒருநாள், "ஒண்ணுமில்ல, சரியாயிரும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் பொக்கை வாயைப் பார்த்தார். "வேண்டாம் அண்ணாச்சி, பிடுங்கணும்னா கொறடு என்ட்டயே இருக்கு" என்றார், கன்னத்தைத் தடவிக்கொண்டு. "அது ஒண்ணாவது கூசட்டும்."